பத்தொன்பதாம் பாகம்

முதற்காட்சியிலேயே நிதியமைச்சர் மேசையில் சரிந்து கிடந்தார்.
தூரிகை விரலிடுக்கில்.
மை மட்டும் காய்ந்திருந்தது.
அன்றைக்கு எங்கள் வீட்டில் சோறு குழைந்தது.

சீனம் எனக்குத் தெரியாது.
கீழே ஓடும் டொச் எழுத்தில் பாதி விளங்கும்,
மீதியைப் புருவங்களில் வாசிப்பேன்.
துரோகம், முத்திரை, பட்டத்து இளவரசன், நஞ்சு:
பதினான்கு வருசத்தில் எந்த வகுப்பும்
எனக்குத் தராத சொற்கள்.
நகரசபைப் படிவம் நிரப்ப
இதில் ஒன்றும் உதவாது.
ஆனாலும் மனப்பாடம்.

பகலில் பியெல் நகரத்துத் தொழிற்சாலையொன்றில்
ஒற்றைக் கண்ணில் உருப்பெருக்கி மாட்டி
விநாடி முள் ஏற்றுகிறேன்.
நாளுக்கு நானூற்றுப் பத்து.
மூச்சுப் பட்டாலே பறந்துவிடும் முள்.
“இன்றைக்கு யார்மேல் சந்தேகம்?” என்பாள்
பக்கத்து மேசை மிரேய்.
அவளுக்குக் கதை முழுக்க என் வாயால்தான்.
கோப்பி இடைவேளை பன்னிரண்டு நிமிடம்.
அதற்குள் ஓர் அரண்மனையைக் கட்டி
உள்ளே நாலு பேரை நிறுத்தி
ஒருவரைக் கொன்றும் ஆகவேண்டும்.

ராசமாதாவா?
அவள் சிரிக்கும்போது கழுத்து அசைவதில்லை.
வைத்தியனா?
அவன் கைகள் ஏன் இவ்வளவு சுத்தம்?
நொண்டி நடக்கும் விசாரணை அதிகாரி
யார் தேநீர் கொடுத்தாலும்
ஆவியை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார்.
எல்லோரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்:
மூன்றாம் சாமத்தில் நான் அங்கே இல்லை,
நாழிகை வட்டிலைக் கேளுங்கள்.

பத்தொன்பதாம் பாகத்தில்
அந்த இரவை மறுபடி காட்டினார்கள்.
விளக்கு, வெளியே பனி, ஓடுகிற காலடி,
எல்லாவற்றுக்கும் பின்னால் மங்கலாய் அந்த வட்டில்.
சொட்டு.
சொட்டு.
என் விரல்கள்தான் முதலில் கண்டுகொண்டன.
நிறுத்தினேன். பின்னுக்கு இழுத்தேன்.
மணிக்கூட்டைப் பிடித்து எண்ணினேன்.
மற்ற இரவுகளில் சொட்டுக்கும் சொட்டுக்கும் இடையில் இரண்டு விநாடி.
அன்றிரவு மட்டும் மூன்று.

வாயில் யாரோ மெழுகு வைத்திருக்கிறார்கள்.
காலத்தின் தொண்டையைப் பிடித்திருக்கிறார்கள்.
அத்தனை சாட்சியும் பொய்.

வட்டிலுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவன்
பத்தொன்பது பாகமும் தூணோரம் நின்றான்.
அவனுக்கு ஒரு வசனம்கூட இல்லை.
வசனம் இல்லாதவர்களை எனக்குத் தெரியும்.
அவர்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

இரவு ஒரு மணி. ஏரிப் புகார் யன்னலில் ஒட்டியிருந்தது.
பேருந்துகளைக் கழுவிவிட்டு வந்த குகனேசனிடம்
சப்பாத்துக் கழற்ற முன்னமே சொன்னேன்:
“தண்ணி ஊத்துறவன்தான்.”
அவர் ஒன்றும் பேசவில்லை.
கேத்திலை வைத்தார்.
சீனிப் போத்தலைத் திறந்தார்,
சீனி வருத்தக்காரன்.
பிறகு, திரும்பாமலே:
“மெழுகை எப்பிடிக் கண்டுபிடிச்சனீர்?”

நான் மெழுகு என்று சொல்லவேயில்லை.

கேத்தில் கொதித்து அடங்கியது.
அந்த அமைதியில் ஒரு நொண்டிக் காலடி
எங்கள் குசினிக்குள் நடந்துபோனதை
இருவருமே கேட்டோம்.

“எத்தினையாம் பாகம்?”
“...”
“உண்மையைச் சொல்லும்.”
“முப்பத்திரண்டு.”
பேருந்தின் கடைசி இருக்கையில்,
வாளியும் தும்புத்தடியும் காவலிருக்க,
காதுக்குள் வயரைச் செருகிக்கொண்டு
மூன்று கிழமையாய் நடந்த சதி.

தீர்ப்பை அங்கேயே வழங்கினேன்:
கூட இருந்து பார்க்கலாம்.
வாய் திறக்கக்கூடாது.
புருவம் அசையக்கூடாது.
எனக்குப் புருவம் வாசிக்கத் தெரியும் என்பதால்
தலையில் துவாய்.

இருபதாம் பாகம்.
பெயர்கள் ஓடி முடிய முன்னமே
கிணற்றடியில் கூட்டம்.
வாளியோடு வாளியாய் மிதக்கிறான்
தண்ணீர் ஊற்றுகிறவன்.
மிரேயிடம் நாளைக்கு என்ன சொல்வேன்?

துவாய் மெல்லக் குலுங்கிற்று.